'மேட்ச்பாக்ஸ்' பாட்டும் நம் கல்யாண மண்டபத்துப் பையன்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண வரவேற்பு, நம் பையன்கள் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் வைத்துக்கொண்டு பழைய தமிழ்ப் பாட்டுகளை வேகம் கூட்டிப் பாடியிருக்கிறார்கள், நடுவில் ராக் பாணியில் கிட்டாரும் வாசித்திருக்கிறார்கள். கேட்ட பெரியவருக்கு மனசு கொதித்துவிட்டது. இதெல்லாம் பாட்டே இல்லை, திருட்டு, சொந்தமாக ஒரு மெட்டுப் போட வக்கில்லாதவர்கள் செய்கிற வேலை என்று எழுதிவிட்டார். அதோடு விடாமல், வெள்ளைக்காரப் பையன்களைப் பாருங்கள், பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு சொந்தப் பாட்டு பாடித்தானே உலகத்தை ஜெயித்தார்கள் என்று உதாரணமும் காட்டியிருக்கிறார்.

நானும் அந்த மாதிரி மண்டபங்களில் வருஷக்கணக்காகக் கிட்டார் வாசிக்கிறவன். அதனால் சும்மா இருக்க முடியவில்லை. பெரியவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பாட்டுமேல் பிரியம் இருக்கிறவர்தான் இப்படிக் கோபப்படுவார். அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயமும் இருக்கிறது. ஆனால் பீட்டில்ஸை இழுத்தாரே, அந்த இடத்தில் கணக்கு அப்படியே தலைகீழ்.

பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963-ல் வந்தது. மொத்தம் 14 பாட்டு, அதில் ஆறு அடுத்தவர்கள் பாட்டு. அதே வருஷம் வந்த இரண்டாவது ஆல்பத்திலும் 14-க்கு ஆறு. 1964 டிசம்பரில் வந்த 'பீட்டில்ஸ் ஃபார் சேல்' ஆல்பத்திலும் அதே 14-க்கு ஆறு, அந்த ஆறில் இரண்டு கார்ல் பெர்கின்ஸ் என்கிற ஒரே ஆளுடைய ரிக்கார்டிலிருந்து எடுத்தவை. மூன்றாவதாகவும் அவருடைய பாட்டு ஒன்றைப் பாடினார்கள், 'மேட்ச்பாக்ஸ்'. அதாவது தீப்பெட்டி. லயன் தீப்பெட்டிக் கம்பெனி இருக்கிற டர்பனில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் அந்தப் பெயரே போதுமாக இருந்தது, காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அந்த ஒரு பாட்டு வந்த வழியைச் சொன்னால் பெரியவருக்கு என் பக்கம் கொஞ்சம் புரியும் என்று நினைக்கிறேன், ஆகவே பொறுமையாகப் படிக்கவும்.

கார்ல் பெர்கின்ஸ் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துக்காரர், 1932-ல் பிறந்தவர். அப்பா குத்தகைக்குப் பருத்தி விளைவிக்கிற ஏழை வெள்ளைக்காரர். குழந்தையிலேயே பருத்தி எடுக்கப் போன இடத்தில், கூட வேலை செய்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற வயதான கறுப்பினத்தவர்தான் அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். பிற்பாடு ஜே, கிளேட்டன் என்ற இரண்டு சகோதரர்களையும் ஒரு டிரம்ஸ்காரரையும் சேர்த்துக்கொண்டு மெம்பிஸ் நகரத்து சன் ஸ்டுடியோவுக்குப் போனார். அங்கே சாம் பிலிப்ஸ் என்பவர் நாட்டுப்புற வெள்ளைக்காரர் பாட்டையும் கறுப்பினத்தவரின் புளூஸையும் ஒரே அறைக்குள் கலக்க விட்டுக்கொண்டிருந்த நேரம். அந்தக் கலவைக்குத்தான் ராக்கபில்லி என்று பேர். ஆள் உயர பாஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து விட்டு மரப்பலகையில் 'டக் டக்' என்று அடிக்கிற சத்தம், குரலுக்குப் பின்னாலேயே ஒரு எதிரொலி, துள்ளிக்கொண்டே போகிற கிட்டார். கேட்டதும் இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம்.

1956-ன் தொடக்கத்தில் பெர்கின்ஸின் 'புளூ ஸ்வேட் ஷூஸ்' பெரிய ஹிட். மார்ச் மாதம் டிவி நிகழ்ச்சிக்காக நியூயார்க் போகிற வழியில் கார் விபத்து, அவரும் அண்ணன் ஜேயும் ஆஸ்பத்திரியில். அதே பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பிரபலப்படுத்தினார். இன்றைக்கும் அது எல்விஸ் பாட்டு என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

அதே வருஷம் டிசம்பர் 4-ஆம் தேதி பெர்கின்ஸ் மறுபடி சன் ஸ்டுடியோவுக்கு வந்தார். அன்றைக்குப் பியானோவில் உட்கார்ந்தது அப்போது யாருக்கும் தெரியாத ஜெர்ரி லீ லூயிஸ். பெர்கின்ஸின் அப்பா, பழைய பாட்டு ஒன்று இருக்கிறதே, அந்தத் தீப்பெட்டிப் பாட்டு, அதைப் போடேன் என்று சொல்ல, அவருக்கு ஞாபகம் இருந்ததோ ஒன்றிரண்டு வரிதான். ஜெர்ரி லீ பியானோவில் துள்ள ஆரம்பிக்க, பெர்கின்ஸ் மீதி வரிகளைத் தானே போட்டுப் பாடினார். அப்படிப் பிறந்ததுதான் 'மேட்ச்பாக்ஸ்'. அன்றைக்குச் சாயங்காலம் எல்விஸும் பாடகர் ஜானி கேஷும் அதே ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்ததும், அங்கே பேசிச் சிரித்துப் பாடியது டேப்பில் பதிவானதும் இசை உலகம் அறிந்த சரித்திரம்.

அப்பாவுக்கு ஞாபகம் இருந்த அந்த வரி எங்கிருந்து வந்தது? டெக்சாஸ்காரர், கண் தெரியாதவர், பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற புளூஸ் பாடகர் 1927-ல் அதை ரிக்கார்டு செய்திருக்கிறார். என் துணிமணியெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடுமோ என்று உட்கார்ந்து யோசிக்கிறேன் என்பது அதன் பொருள். போக வேண்டிய தூரமோ அதிகம், கையில் இருக்கிறதோ ஒன்றுமில்லை என்கிற வறுமையை அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவருக்கும் முன்னால் 1924-ல் மா ரெய்னி என்ற பாடகி இதே தீப்பெட்டி வரியைப் பாடியிருக்கிறார். அதற்கு முன்னால் எத்தனை பேர் வாயில் அது புரண்டதோ. நம் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் ஒரு வரி ஊர் ஊராகப் போய் வேறு வேறு பாட்டில் ஒட்டிக்கொள்ளும் இல்லையா, புளூஸிலும் அதே நடைமுறைதான். பருத்திக் காட்டில் பாடியவர்களுக்கும் கரும்புக் காட்டில் பாடிய நம் கொள்ளுப்பாட்டிகளுக்கும் யார் வரி, யார் மெட்டு என்ற வழக்கே இருந்திருக்காது.

இப்போது பீட்டில்ஸுக்கு வருகிறேன். அவர்களுடைய கிட்டார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசனுக்குப் பெர்கின்ஸ் என்றால் உயிர். 1960-ல் ஸ்காட்லாந்தில் சுற்றுப்பயணம் போனபோது தன் பெயரையே கார்ல் ஹாரிசன் என்று மாற்றிக்கொண்டாராம். 'மேட்ச்பாக்ஸ்' பாட்டை ஆரம்பத்தில் பழைய டிரம்ஸ்காரர் பீட் பெஸ்ட் பாடினார், அவர் போனபிறகு ஜான் லெனன் பாடினார், கடைசியில் புது டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் கைக்கு வந்தது. ஒரே பேண்டுக்குள்ளேயே மூன்று தொண்டை மாறியிருக்கிறது பாருங்கள்.

அவர்கள் பாடியதில் இன்றைக்கு முக்கியமாகக் கேட்கக் கிடைப்பவை மூன்று பதிவுகள். முதலாவது 1962 டிசம்பரில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் பாடியது. வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்தது, 1977-ல்தான் ஆல்பமாக வெளியே வந்தது. சத்தம் கரடுமுரடு, பக்கத்து மேஜைக்காரர் பேச்செல்லாம் காதில் விழும், லெனன் கத்திப் பாடுகிறார். இரண்டாவது 1963 ஜூலையில் பிபிசி வானொலிக்காகப் பாடியது, ரிங்கோ குரல், அது 1994-ல் வந்த பிபிசி தொகுப்பில் இருக்கிறது. மூன்றாவதுதான் எல்லோருக்கும் தெரிந்த ஸ்டுடியோ பதிவு, 1964 ஜூன் 1-ஆம் தேதி. அன்றைக்கு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பெர்கின்ஸ் அப்போது பிரிட்டனில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். சொந்த ஊரில் அவருடைய மவுசு குறைந்துபோயிருந்த சமயம். பீட்டில்ஸ் அவரை ஸ்டுடியோவுக்கே அழைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவருடைய பாட்டைப் பதிவு செய்தார்கள். உலகமே அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது, அவர்களோ தங்களுக்குப் பாட்டுக் கொடுத்தவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்த மரியாதைதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது. எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

அஞ்சு டேக்கில், அதாவது அஞ்சு முறை பதிவு செய்ததில், பாட்டு முடிந்தது. பியானோ வாசித்தது அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ரிங்கோவின் குரலைக் கவனித்துக் கேளுங்கள், கரகரவென்று இருக்கும். இரண்டே நாள் கழித்து, ஜூன் 3-ஆம் தேதி, டான்சில் வீங்கி மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், சுற்றுப்பயணத்துக்கு வேறு டிரம்ஸ்காரரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தத் தொண்டையோடுதான் பாடியிருக்கிறார். ரிங்கோ பெரிய பாடகர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் கையில் ஒன்றுமில்லாதவன் பாடுகிற பாட்டுக்கு அந்தக் குரல் கச்சிதம்.

பெர்கின்ஸ் பாடியதையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டால் வித்தியாசம் தெரியும். இரண்டும் ஒரே 12 பார் புளூஸ் அமைப்பு (12 தாளக் கட்டு கொண்ட சுற்று), மூன்றே மூன்று கார்டு (சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது), ஏறக்குறைய இரண்டு நிமிஷம். பெர்கின்ஸ் பாட்டு துள்ளுகிறது. எங்கள் வீட்டு கராஜில் பையன்களோடு பயிற்சி செய்யும்போது, கோவிலில் தவில் வாசிக்கிற ஒரு அண்ணன் எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு, இதைப் போய் என்னவோ ஷஃபிள் என்கிறீர்களே, இது நம்ம திஸ்ர நடைதானே தம்பி என்று தொடையில் தட்டிக் காட்டினார். தகிட தகிட என்று மூன்று மூன்றாக அவர் சொல்லச் சொல்ல, பாட்டு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பீட்டில்ஸ் அந்தத் துள்ளலைக் கொஞ்சம் நேராக்கி, கனமாக்கியிருக்கிறார்கள், என் காதுக்கு அப்படித்தான் படுகிறது. எங்கள் பாஸ் வாசிக்கிற பையன் அந்தப் பழைய 'டக் டக்' சத்தத்துக்கு ஆசைப்பட்டு, பாஸ் கிட்டாரின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, விரலை வழக்கத்துக்கு மாறாகக் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் அடித்தான். முழுசாக வரவில்லை, ஆனால் தந்தி நீளமாக ரீங்காரம் போடாமல் சட்டென்று செத்ததும் எங்கள் டிரம்ஸ்காரப் பையன் தானாகவே கையைத் தளர்த்தினான். ஒரு வாத்தியத்தில் மாற்றினால் எல்லாமே மாறுகிறது. அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுகிறவன் கற்றுக்கொள்வது இதைத்தான். காதால் அவ்வளவு கிட்டத்தில் போய்க் கேட்டால் ஒழிய இது வராது.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் பெர்கின்ஸ்தான் முதல். அப்புறம் பிபிசி பதிவு. ஸ்டுடியோ பதிவு மூன்றாவது. ஹாம்பர்க் பதிவு, அந்தப் பையன்கள் எப்படி உழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். நம் நாட்டில் 1966 ஆகஸ்டில், லெனன் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சுக்காக, தென்னாப்பிரிக்க அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. பீட்டில்ஸ் பாட்டையே வானொலியில் தடை செய்தது. 1971 வரைக்கும் தடை. அதற்குள் பீட்டில்ஸே பிரிந்துவிட்டார்கள், அப்போதும் லெனன் தனியாகப் பாடியதற்குத் தடை நீங்கவில்லை. டிவியோ 1976-ல்தான் வந்தது. பீட்டில்ஸ் இந்த மண்ணில் ஒரு நாளும் வந்து பாடியதில்லை. அப்படியானால் டர்பன் ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள்? ரிக்கார்டு வாங்கக் காசிருந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் உள்ளூர் பேண்டு வாயிலாகத்தான். என் பெரியப்பா கிரே ஸ்ட்ரீட் பக்கம் தையல் வேலை பார்த்தவர், பீட்டில்ஸ் பாட்டுகளை அவர் முதலில் கேட்டது ஒரு மண்டபத்தில் நம்மவர்கள் பாடியபோதுதான். காலமாகிற வரைக்கும் அந்தப் பையன்கள் பாடிய விதம்தான் அவருக்குச் சரியான விதம், ரிக்கார்டு போட்டுக் காட்டினால், இது கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்பார்.

டர்பன் என்று சொல்லும்போது 'தி ஃபிளேம்ஸ்' பேண்டைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டீவ் ஃபடார், அவருடைய தம்பி ரிக்கி, பிளாண்டி சாப்ளின் எல்லாம் நம் ஊரில் வாசித்து வளர்ந்தவர்கள். 1968-ல் அவர்களுக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கிக்கொடுத்த பாட்டு எது? 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்'. அது 1958-ல் அமெரிக்காவில் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் பாடியது! அடுத்தவர் பாட்டுதான், ஆனால் இன்றைக்கும் நம் ஊர்ப் பழைய ஆட்களிடம் கேளுங்கள், அது ஃபிளேம்ஸ் பாட்டு என்றுதான் சத்தியம் பண்ணுவார்கள். பிற்பாடு லண்டனில் பீச் பாய்ஸ் என்ற பிரபல அமெரிக்கக் குழுவின் கண்ணில் பட்டு, 1972-ல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்தார்கள். தடை, இனவாரிச் சட்டம், எல்லாவற்றையும் மீறி டர்பன் பையன்கள் அந்த உயரத்துக்குப் போனார்கள், அதற்குப் படிக்கட்டு பிறர் பாட்டைப் பாடியதுதான்.

நம் தமிழ்ப் பாட்டுக்கும் இதே கதை. 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தையே நிறுத்திக்கொண்டது. நம் நன்மைக்காகத்தான், நிறவெறிக்கு எதிராகத்தான் நிறுத்தியது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த நீண்ட வருஷங்களில் புதுத் தமிழ்ப் பாட்டு நம் காதுக்கு வந்து சேர்ந்ததில், யாரோ சுற்றி வளைத்துக் கொண்டுவந்த ஒரு ரிக்கார்டை வாங்கி, அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மேடையில் பாடின நம் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எஸ்.ஏ.பி.சி. நம் இந்திய ஜனங்களுக்கென்று ரேடியோ லோட்டஸைத் தொடங்கியதே 1983-ல்தானே. பெரியவர் இன்றைக்கு அசல் அசல் என்று சொல்கிற பாட்டுகளில் எத்தனையை அவர் முதன்முதலில் உள்ளூர் மேடையில் கேட்டார் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

இன்னொன்று. தியாகராஜர் கீர்த்தனையை ஆயிரம் பேர் பாடுகிறார்கள், ஆளுக்கொரு விதமாக நிரவல், ஸ்வரம் போடுகிறார்கள், சங்கதி கூட்டுகிறார்கள். தேவாரத்தை ஓதுவார் ஓதுகிறார், நம் கோவிலில் வெள்ளிக்கிழமை அம்மாக்கள் தங்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடுகிறார்கள். யாரும் திருட்டு என்று சொன்னதில்லை. ஜே.பி. சந்திரபாபு அமெரிக்கப் பாட்டு மாதிரி தொண்டையை உடைத்து யோடலிங் பாடினார், ஊரே கொண்டாடியது. கிட்டார் பிடித்த நம் பையன் பாடினால் மட்டும் திருட்டா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நியாயம் இங்கே வேண்டாம்.

சரி, பெரியவர் பக்கம் நியாயம் எங்கே இருக்கிறது? அந்தக் கச்சேரியில் பையன்கள் ஒரு பாட்டுக்கும் இசையமைத்தவர் பெயரையோ எழுதியவர் பெயரையோ சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். போகிறபோக்கில் எழுதிவிட்டார், எனக்கோ அந்த வரிதான் சுருக்கென்று தைத்தது. உண்மைதான், நம்மவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மைக்கைப் பிடித்தால் ஸ்பான்சர் பெயரைச் சொல்கிறோம், மாப்பிள்ளையின் மாமா பெயரைச் சொல்கிறோம், பாட்டுப் போட்ட மனுஷன் பெயர் மட்டும் வாயில் வருவதில்லை.

'மேட்ச்பாக்ஸ்' கதையிலேயே அந்தக் குறை இருக்கிறது. பீட்டில்ஸ் ரிக்கார்டில் பெர்கின்ஸ் பெயர் அச்சாகி, அவருக்கு ராயல்டியும் போனது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் பெயர் அங்கே இல்லை. அவர் 1929-லேயே இறந்துபோனார். டெக்சாஸில் அவரைப் புதைத்த இடத்துக்கு 1967 வரைக்கும் ஒரு அடையாளப் பலகைகூடக் கிடையாது. பெர்கின்ஸ் பாட்டில் பெரும்பகுதி அவர் சொந்தமாகப் போட்டதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீப்பெட்டி அவர் செய்ததல்ல. 'எவ்ரிபடிஸ் டிரையிங் டு பி மை பேபி' என்று அவர் பெயரில் பீட்டில்ஸ் பாடிய இன்னொரு பாட்டுக்கும் ரெக்ஸ் கிரிஃபின் என்பவர் 1936-ல் பாடிய முன்பிறவி ஒன்று இருக்கிறது. பெர்கின்ஸை நான் எவ்வளவு நேசித்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த நாட்டுக்காரர்களான நமக்கு இது இன்னும் உறைக்க வேண்டும். மஸிங்கா பக்கத்து ஸுலு மனிதர் சாலமன் லிண்டா 1939-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் காலோ இசைத்தட்டுக் கம்பெனிக்காக 'ம்புபே' என்ற பாட்டைப் பாடினார். அந்த உரிமை போனது பத்து ஷில்லிங்குக்கு. அமெரிக்காவில் அது வேறு பெயரில், வேறு வார்த்தைகளோடு, 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று 1961-ல் உலக ஹிட் ஆனது, அப்புறம் 'லயன் கிங்' படத்திலும் வந்தது. லிண்டா 1962-ல் ஏழையாகவே இறந்தார். அவருடைய பெண்களுக்கு நியாயம் கிடைக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டைத் திரும்பப் பாடியதில் எனக்கு வருத்தம் இல்லை, எவ்வளவு பேர் பாடினார்களோ அவ்வளவு நல்லது. அவர் பெயரையும் அவருக்குச் சேரவேண்டிய காசையும் விழுங்கினார்களே, வயிறு எரிவது அதற்குத்தான்.

தமிழ்நாட்டிலும் 2017-ல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களுக்கே, தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினபோது இங்கே எங்கள் பேண்டு வட்டாரத்தில் எல்லோரும் பதறிப்போனோம். இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள், யார் பக்கம் பேசுவது? பாலு சாருக்காக மனசு அடித்துக்கொண்டது, ஆனால் டிக்கெட் போட்டு நடத்துகிற கச்சேரியில் மெட்டுப் போட்டவருக்கு ஒரு பங்கு சேரவேண்டும் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை, இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

நம் நாட்டில் இதற்கு வழி இருக்கிறது. சாம்ரோ என்ற அமைப்பு 1961-லிருந்து இருக்கிறது. பொது இடங்களில் பாட்டு வாசிக்க இடத்துக்காரர்கள் அங்கே உரிமம் எடுக்கவேண்டும், மேடையில் பாடிய பாட்டுகளின் பட்டியலை அனுப்பினால் அதை வைத்து உரியவர்களுக்குப் பணம் பிரித்துக்கொடுக்கிறார்கள். ஒரு மண்டபத்தில் நாங்கள் பட்டியலை நீட்டியபோது மேனேஜர், இதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சொல்லி மேஜை ஓரத்தில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை, அந்த மண்டபம் ஒன்று மட்டும் இப்படி என்றும் நினைக்கவில்லை. ஆனால் பட்டியலை எழுதி நீட்டுவது எங்கள் வேலை, அதை நாங்கள் விடப்போவதில்லை. எங்கள் பையன்களுக்கு இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: பாட்டு ஆரம்பிக்கும் முன் இசை யார், வரிகள் யார், முதலில் பாடியவர் யார் என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் டிரம்ஸ் தட்டவேண்டும். ரொம்ப நேரம் பிடிக்காது, மூச்சு விடுகிற நேரம்தான். ஜனங்களும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு பாட்டி, டி.எம்.எஸ். பெயரைச் சொன்னதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே முன்வரிசைக்கு வந்து நின்றுகொண்டார்.

அடுத்தவர் பாட்டைத் தன் கையால் தொட்டு, தன் ஊர்ச் சத்தத்தை அதில் சேர்த்துப் பாடுவதை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்லமாட்டேன். அப்படியே அச்சு அசலாகப் பாடுகிறவர்களைவிட, பெரியவரைக் கொதிக்க வைத்த அந்தப் பையன்கள் எனக்கு மேல். அவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு, தங்களுக்குள் ஏதோ நடந்து, அதை வெளியே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். சில இடத்தில் கெட்டுப்போயும் இருக்கலாம், நான் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று கூப்பிட்டுச் சொல்லலாமே? பெர்கின்ஸ் கடைசிவரை பீட்டில்ஸ்காரர்களோடு நண்பராகவே இருந்தார். 1985-ல் லண்டனில் நடந்த டிவி நிகழ்ச்சியில் ஜார்ஜும் ரிங்கோவும் இன்னொரு பெரிய கிட்டார்க்காரர் எரிக் கிளாப்டனும் அவரைச் சுற்றி உட்கார்ந்து வாசித்தார்கள், அதில் 'மேட்ச்பாக்ஸ்' பாட்டும் உண்டு. 1998-ல் அவர் இறந்தபோது சவ அடக்கத்தில் ஜார்ஜ் ஹாரிசன் எழுந்து நின்று பெர்கின்ஸ் பாட்டு ஒன்றையே பாடினார். 'மேட்ச்பாக்ஸ்' வந்த அதே இசைத்தட்டின் மறுபக்கப் பாட்டு அது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாணம், தைப்பூசம், தீபாவளி மேளா என்று நம் பேண்டுகளின் நிகழ்ச்சிச் செய்திகளை நீங்கள் தவறாமல் போடுகிறீர்கள், அதற்கு நன்றி. இனிமேல் பாட்டைக் குறிப்பிடுகிற இடத்தில் இசையமைத்தவர், எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், செய்தி அனுப்புகிற பேண்டுகளிடமும் கேட்டு வாங்குங்கள். பெரியவர் தம் கடிதத்தில் பையன்கள் கெடுத்துவிட்டதாகச் சொன்ன நாலு பாட்டுக்கும் முதல் வரியை மட்டும் எழுதியிருந்தார். அந்த நாலுக்கும் மெட்டு யார், வரி யார் என்று அவர் விவரமாக எழுதி அனுப்பினால் தயவுசெய்து அடுத்த இதழிலேயே அச்சிடுங்கள், வெட்டி எடுத்து எங்கள் கராஜில் ஒட்டி வைத்துக்கொள்கிறோம். அவருக்குச் சம்மதம் என்றால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கும் வரட்டும், நாற்காலி போட்டு வைக்கிறோம்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கிட்டார்க்காரன்,
டர்பன்